கேள்வி – பதில்: லாக் லைக்லிஹுட் −87 என்றால் நல்லதா, கெட்டதா?

பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்து நோயறி சோதனைகளின் துல்லியத்தைத் தொகுத்துப் பார்க்கும் மெட்டா அனாலிசிஸ் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம். சென்சிடிவிட்டியை உணர்திறன் என்றும், ஸ்பெசிஃபிசிட்டியைத் தனித்தன்மை என்றும் எழுதுகிறோம். நோய் உள்ளவர்களில் எத்தனை பேரைச் சோதனை பிடிக்கிறது என்பது முதலாவது. நோய் இல்லாதவர்களில் எத்தனை பேரை இல்லை என்று சரியாகச் சொல்கிறது என்பது இரண்டாவது. மற்ற சொற்களைத் துறையில் பேசுகிறபடியே விட்டுவிட்டோம். எங்கள் கைக்கணக்குக்காக வைத்துக்கொண்ட எண்களை அந்தந்த இடத்தில் ‘உதாரணத்துக்கு’ என்று சொல்லியிருக்கிறோம்.

14 ஆய்வுகளைச் சேர்த்து ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருளில் மெட்டாண்டி கட்டளையை ஓட்டினேன். லாக் லைக்லிஹுட் −87.4 என்று வந்தது. இது நல்ல பொருத்தமா? எந்த எண்ணுக்கு மேல் இருந்தால் ஏற்கலாம்?
— முதுநிலை மருத்துவ மாணவி, கோவை

அப்படி ஓர் எல்லைக்கோடு கிடையாது. உங்கள் மாடல் சரி என்று வைத்துக்கொண்டால், கையில் இருக்கும் இந்தத் தரவு வருவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்பதன் லாகரிதம்தான் அந்த எண். ஒவ்வோர் ஆய்வும் தன் பங்கைச் சேர்க்கிறது. 14 ஆய்வுகளுக்கு −87 வந்தால், அதே மாதிரியான 28 ஆய்வுகளுக்கு ஏறக்குறைய −175 வரும். அதனால் மாடல் மோசமாகிவிட்டது என்று அர்த்தமில்லை, கூட்டுத்தொகை நீண்டிருக்கிறது, அவ்வளவுதான். வேறொருவருடைய கட்டுரையில் −52 என்று இருப்பதைப் பார்த்து ஒப்பிடுவதும் வீண். இந்த எண்ணுக்கு ஒரே ஒரு வேலைதான் உண்டு: அதே தரவில் ஓட்டிய இன்னொரு மாடலின் எண்ணோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பது.

தனியாக வைத்துப் படிக்க வேண்டிய எண்கள் அந்த வெளியீட்டில் ஐந்து இருக்கின்றன. லாஜிட் அளவுகோலில் (விகிதத்தை, ஒன்றிலிருந்து அதைக் கழித்த மீதியால் வகுத்து எடுத்த இயல் லாக்) உணர்திறனின் சராசரி, தனித்தன்மையின் சராசரி, இரண்டுக்கும் ஆளுக்கொரு வேரியன்ஸ் (ஆய்வுக்கு ஆய்வு உள்ள சிதறல்), இரண்டுக்கும் இடையிலான ஒட்டுறவு (கோரிலேஷன்). இரண்டையும் சேர்த்துக் கணிக்கும் பைவேரியட் மாடல் என்பதே இந்த ஐந்து அளவுருக்கள்தான். வேரியன்ஸ் 0.49 என்றால் பலர் ‘சின்ன எண்தானே’ என்று தாண்டிப் போகிறார்கள். உதாரணத்துக்கு லாஜிட் சராசரி 1.4 என்று வைத்துக்கொள்ளுங்கள். சதவீதத்தில் அது 80. வேரியன்ஸ் 0.49 என்றால் திட்ட விலக்கம் 0.7. சராசரிக்கு இருபுறமும் 1.96 மடங்கு போனால் 0.03 முதல் 2.77 வரை. திரும்பச் சதவீதமாக்கினால் 51 முதல் 94 வரை! அதாவது ஒரு மருத்துவமனையில் இந்தச் சோதனை நாணயம் சுண்டுவதற்குச் சமம், இன்னொன்றில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கைப் பிடிக்கிறது. ‘80 சதவீதம்’ என்று ஒற்றை எண்ணை மட்டும் எழுதினால் இந்த விரிவு வாசகர் கண்ணிலேயே படாது. வேரியன்ஸை இப்படிச் சதவீதமாக மாற்றிப் பார்க்காமல் மேற்கொண்டு எதுவும் செய்ய வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

அதே தரவை ஆர் மென்பொருளில் மாடா பேக்கேஜில் ஓட்டினால் லாக் லைக்லிஹுட் +31 வருகிறது, மாடல்களை ஒப்பிட உதவும் ஏஐசி எண் மைனஸில் இருக்கிறது. ஸ்டேட்டாவில் மைனஸ் 87. எதை நம்புவது?
— புள்ளியியல் ஆய்வாளர், திருச்சி

இரண்டுமே சரியாகக் கணக்கிடப்பட்டவைதான். இரண்டும் வெவ்வேறு பொருள்களின் எடை என்பதால் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

மெட்டாண்டி நீங்கள் கொடுத்த எண்ணிக்கைகளையே பைனாமியல் பரவலாக எடுத்துக்கொள்கிறது. அங்கே லைக்லிஹுட் உண்மையான நிகழ்தகவு. ஒன்றைத் தாண்ட முடியாது, ஆகவே அதன் லாக் மைனஸாகத்தான் இருக்கும். மாடாவின் ரெய்ட்ஸ்மா கட்டளை, ஒவ்வோர் ஆய்வின் விகிதத்தையும் முதலில் லாஜிட் ஆக்கி, அதை நார்மல் பரவல் என்று எடுத்துக்கொள்கிறது. நார்மல் பரவலில் வருவது அடர்த்தி. அடர்த்தி ஒன்றுக்கு மேல் போகலாம், லாக் ப்ளஸ் ஆகலாம், ஏஐசி மைனஸ் ஆகலாம். அதில் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் ‘மாடாவில் ஏஐசி மைனஸ் 52, ஸ்டேட்டாவில் 185, அதனால் மாடாதான் சிறந்த மாடல்’ என்று எழுதுவது பெரிய தவறு.

இன்னும் இரண்டு வித்தியாசங்களையும் தெரிந்துகொள்ளுங்கள். மாடா இயல்பாகவே ரெம்ல் (வேரியன்ஸைத் திருத்திக் கணிக்கும் லைக்லிஹுட்) முறையில் ஓடும். மாடல்களை ஒப்பிட வேண்டுமென்றால் முறையை ‘எம்எல்’ (சாதாரண உச்ச லைக்லிஹுட்) என்று நீங்கள்தான் மாற்ற வேண்டும். அடுத்தது, பூஜ்யம். ஓர் ஆய்வின் நான்கு கட்ட எண்ணிக்கை அட்டவணையில் ஏதாவது ஒரு கட்டத்தில் பூஜ்யம் இருந்தால் லாஜிட் எடுக்க முடியாது என்பதால் 0.5 சேர்க்கிறார்கள். மாடாவின் இயல்பு அமைப்பில் ஓர் ஆய்வில் பூஜ்யம் இருந்தாலே எல்லா ஆய்வுகளுக்கும் 0.5 சேரும். ஐந்து நோயாளிகளில் ஐந்து பேரையும் பிடித்த ஆய்வு, 5.5-ஐ 6-ஆல் வகுத்து 91.7 சதவீதமாகிவிடும். இருபதுக்கு இருபது பிடித்தது 97.6 சதவீதம் ஆகும். ஆய்வு சிறியதாக இருக்க இருக்க இந்த இழுப்பு ஐம்பது சதவீதத்தை நோக்கிப் பலமாகும். சிறிய ஆய்வுகளும் பூஜ்யங்களும் நிறைய இருந்தால் பைனாமியல் வழியையே எடுங்கள். ஆரிலேயே எல்எம்இ4 பேக்கேஜில் ஜிஎல்எம்இஆர் கட்டளையால் அதைச் செய்யலாம். அதுவும் ஸ்டேட்டாவும் தசமத்தில் கொஞ்சம் வேறுபடும். இரண்டு ரேண்டம் எஃபெக்ட்கள் (ஆய்வுக்கு ஆய்வு மாறும் பகுதிகள்) சேர்ந்து வரும் இடத்தில் ஜிஎல்எம்இஆர் லாப்லாஸ் தோராயத்தை (ஒரே புள்ளியில் தொகையிடும் குறுக்குவழி) மட்டுமே அனுமதிக்கிறது, ஸ்டேட்டா பல புள்ளிகளில் தொகையிடுகிறது.

மாடாவில் ஒரு குறி மாற்றமும் உண்டு. அது தனித்தன்மைக்குப் பதிலாக ஃபால்ஸ் பாசிட்டிவ் விகிதத்தை (நோய் இல்லாதவர்களில் தவறாக ‘உண்டு’ என்று வருவோர்) எடுத்துக்கொள்கிறது. ஆகவே மெட்டாண்டியில் −0.6 என்று வரும் ஒட்டுறவு இங்கே ஏறக்குறைய +0.6 என்று வரும். ஒரு கோவேரியட்டின் (சோதனை வகை போன்ற, ஆய்வுகளை வேறுபடுத்தும் பண்பு) கெழு ஃபால்ஸ் பாசிட்டிவ் வரியில் ப்ளஸ் என்றால் தனித்தன்மை குறைகிறது என்று பொருள். இந்த இடத்தில் தலைகீழாக எழுதப்பட்ட முடிவுரைகள் அச்சேறிவிட்டால் திருத்துவது பெரும்பாடு. ஒரு முறைக்கு இரு முறை பாருங்கள்.

மூன்று சோதனைகளை ஒப்பிடுகிறேன். கோவேரியட் சேர்த்த மாடல் உண்மையிலேயே மேலானதா என்று எப்படிச் சோதிப்பது? மேலும் ஏஐசி ஒன்று சொல்கிறது, பிஐசி வேறொன்று சொல்கிறது.
— கதிரியக்க மருத்துவர், சிங்கப்பூர்

இதற்கு எல்லோரும் பழகிப் பார்க்கும் தரவுத் தொகுப்பு ஒன்று இருக்கிறது. கருப்பை வாய்ப் புற்று நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க லிம்ஃபாஞ்சியோகிராஃபி (நிணநீர்க் குழாய்ப் படம்), சி.டி., எம்.ஆர்.ஐ. மூன்றையும் ஒப்பிட்டு 1997-இல் வெளியான தொகுப்பு அது. முறையே 17, 17, 10. மொத்தம் 44 ஆய்வுத் தரவுகள். முறையியல் கட்டுரைகள் பலவும் இதை எடுத்துக் கையாண்டிருக்கின்றன. அந்த அமைப்பை வைத்தே சொல்கிறோம். கீழே வரும் லைக்லிஹுட் எண்கள் மட்டும் உதாரணத்துக்கு.

முதலில் 44-ஐயும் சேர்த்து, சோதனை வகை எதுவும் சொல்லாமல் மாடலை ஓட்டுங்கள். ஐந்து அளவுருக்கள். அதன் −2 லாக் லைக்லிஹுட் 236.8 என்று வைத்துக்கொள்வோம். அடுத்து சோதனை வகையைச் சேருங்கள். மூன்று வகைக்கு இரண்டு குறிகாட்டி மாறிகள். அவை உணர்திறனிலும் தனித்தன்மையிலும் நுழைவதால் நான்கு அளவுருக்கள் கூடி ஒன்பதாகும். இப்போது 224.1. வித்தியாசம் 12.7. இதை நான்கு டிகிரி ஆஃப் ஃப்ரீடம் (கூடிய அளவுருக்களின் எண்ணிக்கை) உள்ள கை-ஸ்கொயர் பரவலோடு ஒப்பிட வேண்டும். 5 சதவீத எல்லை 9.49. தாண்டிவிட்டது, பி மதிப்பு (உண்மையில் வித்தியாசமே இல்லாதபோதும் இவ்வளவு வரும் வாய்ப்பு) 0.013. இரண்டே சோதனைகள் என்றால் கூடும் அளவுருக்கள் இரண்டு, எல்லை 5.99. ஒரே ஓர் அளவுரு என்றால் 3.84. மென்பொருள் தரும் பி மதிப்பை எடுக்கும் முன்பு, எத்தனை அளவுருக்கள் கூடின என்று விரல்விட்டு எண்ணுங்கள். அந்த எண்ணிக்கை மென்பொருள் காட்டும் டிகிரியோடு ஒத்துவரவில்லை என்றால் நீங்கள் நினைத்த மாடல் ஓடவில்லை.

சோதனை ‘தாண்டிவிட்டது’ என்றதும் நிறுத்திவிட வேண்டாம். வித்தியாசம் உணர்திறனிலா, தனித்தன்மையிலா? தனித்தன்மையில் இருக்கும் இரண்டு மாறிகளை எடுத்துவிட்டு ஓட்டுங்கள், ஒன்பது அளவுரு மாடலோடு ஒப்பிடுங்கள். இப்போது இரண்டு டிகிரி. பிறகு உணர்திறனிலிருந்து எடுத்துவிட்டு அதேபோல். கடைசியில் சதவீதத்தில் வித்தியாசம் எவ்வளவு என்பதை நம்பக இடைவெளியோடு எழுதுங்கள். படம் பார்த்து அறுவைச் சிகிச்சையை முடிவுசெய்யும் மருத்துவருக்குத் தேவை அந்த எண்தான், பி மதிப்பு அல்ல.

எங்கே தவறுகிறது? மிக அதிகமாகப் பார்ப்பது இது: கோவேரியட்டில் இரண்டு மூன்று ஆய்வுகளுக்குத் தகவல் இருக்காது. மென்பொருள் அந்த வரிகளைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். முதல் மாடல் 44-இல், இரண்டாவது 41-இல். மூன்று ஆய்வுகள் போனதாலேயே −2 லாக் லைக்லிஹுட் நன்றாக இறங்கிவிடும், ‘கோவேரியட் அபாரம்’ என்று தோன்றும். இரண்டு மாடலிலும் எத்தனை ஆய்வுகள் என்பதை முதலில் பாருங்கள்; வேறுபட்டால், 41-ஐ மட்டும் வைத்து முதல் மாடலை மறுபடி ஓட்டுங்கள்.

இரண்டாவது, மூன்று சோதனைகளுக்கும் ஒரே வேரியன்ஸ் என்று நாம் எடுத்துக்கொண்டது. சி.டி. ஆய்வுகள் சிதறியும் எம்.ஆர்.ஐ. ஆய்வுகள் நெருங்கியும் இருந்தால் அது பொய். தனித்தனி வேரியன்ஸும் ஒட்டுறவும் விட்டால் மூன்று அளவுருக்கள் ஒன்பதாகும். ஆறு டிகிரி, எல்லை 12.59. 10 எம்.ஆர்.ஐ. ஆய்வுகளை வைத்து ஓர் ஒட்டுறவைக் கணிப்பது ஆட்டம் காணும் வேலைதான். ஆனாலும் குறைந்தது வேரியன்ஸ்களையாவது தனித்தனியாக விட்டுப் பாருங்கள், சராசரிகள் நகர்கின்றனவா என்று கவனியுங்கள்.

மூன்றாவது, கோவேரியட்டைப் பழக்கதோஷத்தில் இரண்டு பக்கமும் போடுவது. காசநோய்க்கான எக்ஸ்பர்ட் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். நம் அரசு மையங்களில் சிபிநாட் என்று சொல்வது இதைத்தான். மருத்துவ ஆய்வுகளைத் தொகுக்கும் காக்ரேன் அமைப்பின் 2014-ஆம் ஆண்டுத் தொகுப்பில், சளி நுண்ணோக்கியில் கிருமி தெரிந்தவர்களிடம் உணர்திறன் 98 சதவீதம், தெரியாதவர்களிடம் 67 சதவீதம். இந்தப் பிரிவு, கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) நோய் உறுதியானவர்களுக்குள்ளேயே செய்யப்படுவது. நோய் இல்லாதவர்களுக்கு அந்தப் பிரிவே பொருந்தாது. தனித்தன்மையிலும் அதைப் போட்டால் மாடல் ஏதோ ஓர் எண்ணைத் தரும், அந்த எண்ணுக்கு அர்த்தம் இருக்காது. இங்கே உணர்திறனை மட்டும் தனி மாடலில் பார்ப்பதே சரி.

இனி ஏஐசி, பிஐசி. ஏஐசி என்பது −2 லாக் லைக்லிஹுட்டோடு அளவுரு ஒன்றுக்கு 2 அபராதம். இரண்டிலும் எண் குறைவாக வரும் மாடலே மேல். மேலே உள்ள எண்களில் 246.8, 242.1, பெரிய மாடல் ஜெயிக்கிறது. பிஐசியில் அபராதம், தரவின் எண்ணிக்கையினுடைய இயல் லாக். 44 என்றால் அளவுரு ஒன்றுக்கு 3.78. கணக்கிட்டால் 255.7, 258.2, சின்ன மாடல் ஜெயிக்கிறது. நீங்கள் பார்த்த முரண் இதுதான். இதற்குள் இன்னொரு சிக்கல் உண்டு: ‘தரவின் எண்ணிக்கை’ என்பது எது? ஆய்வுகள் 44-ஆ, ஒவ்வோர் ஆய்வுக்கும் இரண்டு வரிகள் என்று 88-ஆ, மொத்த நோயாளிகளா? 88 என்று எடுத்தால் பிஐசி 259.2, 264.4. அதே தரவு, அதே மாடல்கள், இடைவெளி மட்டும் இரண்டரையிலிருந்து ஐந்தாகிவிட்டது. மென்பொருள் எதை எடுக்கிறது என்று தெரியாமல் பிஐசியை மேற்கோள் காட்டாதீர்கள். உங்கள் கேள்வி ‘சோதனைகள் வேறுபடுகின்றனவா’ என்று முன்கூட்டியே திட்டமிட்ட கேள்வி. அதற்கு மேலே செய்த கை-ஸ்கொயர் ஒப்பீடு, அதாவது லைக்லிஹுட் விகிதச் சோதனை, போதும். ஏஐசி ஒன்றுக்குள் ஒன்று அடங்காத மாடல்களை ஒப்பிடும்போது உதவும். இரண்டுக்குக் குறைவான வித்தியாசம் வந்தால் எளிய மாடலையே வைத்துக்கொள்ளலாம்.

ஒட்டுறவு −1 என்று வருகிறது. ஆரில் ‘சிங்குலர்’ என்று எச்சரிக்கை. தனித்தன்மையின் வேரியன்ஸ் கிட்டத்தட்ட பூஜ்யம். முடிவைப் பயன்படுத்தலாமா?
— பொதுச் சுகாதார ஆய்வாளர், யாழ்ப்பாணம்

அப்படியே பயன்படுத்தக் கூடாது. அதற்காகத் தூக்கி எறியவும் வேண்டாம். எச்சரிக்கை சொல்வது இதுதான்: ஐந்து அளவுருக்களைக் கேட்கிறீர்கள், தரவில் ஐந்துக்கான செய்தி இல்லை. ஆய்வுகள் குறைவாக இருந்தால் இது வரும். எல்லா ஆய்வுகளிலும் தனித்தன்மை 98, 99, 100 என்று கூரையை முட்டிக்கொண்டிருந்தாலும் வரும். ஆய்வுகளுக்கிடையே ஆட்டமே இல்லாத ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் என்ன ஒட்டுறவைக் கணிப்பது? எண் ஓடிப்போய் எல்லையில் ஒட்டிக்கொள்கிறது.

தரவைத்தான் முதலில் சந்தேகப்படுங்கள். ஓர் ஆய்வில் ஃபால்ஸ் பாசிட்டிவும் ஃபால்ஸ் நெகட்டிவும் இடம் மாறியிருந்தால் போதும், ஒட்டுறவு கோணலாகிவிடும். உணர்திறனையும் தனித்தன்மையையும் ஆய்வுவாரியாகக் கணக்கிட்டு மூலக் கட்டுரையோடு சரிபாருங்கள். பிறகு ஆரம்ப மதிப்புகளை மாற்றியும், ஸ்டேட்டாவில் தொகையிடும் புள்ளிகளைக் கூட்டியும் ஓட்டுங்கள். லாக் லைக்லிஹுட் இரண்டாவது தசமத்தில்கூட அசையாமல் இருந்தால் கணிப்பு நிலைத்துவிட்டது என்று பொருள். அசைந்துகொண்டே இருந்தால் அந்த எண்ணை வைத்து எந்த ஒப்பீடும் செய்ய முடியாது.

தரவு சரி, −1 மட்டும் போகவில்லை என்றால் மாடலைச் சுருக்குங்கள். ஒட்டுறவைப் பூஜ்யம் என்று வைத்தால் நான்கு அளவுருக்கள்; உணர்திறனுக்கும் தனித்தன்மைக்கும் தனித்தனியே ரேண்டம் எஃபெக்ட் மாடல் ஓட்டுவதற்கு இது சமம். தனித்தன்மையின் வேரியன்ஸும் பூஜ்யம் என்றால் அதையும் எடுத்துவிட்டு மூன்று. ஒவ்வொரு படியிலும் −2 லாக் லைக்லிஹுட் எவ்வளவு ஏறியது என்று குறித்துக்கொள்ளுங்கள். 0.3, 0.5 என்று ஏறினால் நீங்கள் எடுத்தெறிந்த அளவுரு சும்மாதான் உட்கார்ந்திருந்தது.

ஆனால் வேரியன்ஸை எடுக்கும்போது வழக்கமான கை-ஸ்கொயர் எல்லை பொருந்தாது. வேரியன்ஸ் பூஜ்யத்துக்குக் கீழே போக முடியாது, நீங்கள் சோதிப்பது எல்லைச் சுவரில் நிற்கும் மதிப்பை. ஒரு வேரியன்ஸை மட்டும் எடுத்தால் ஒரு டிகிரி பி மதிப்பைப் பாதியாக்குங்கள். 5 சதவீத எல்லை 3.84 அல்ல, 2.71. வேரியன்ஸையும் அதனோடு ஒட்டுறவையும் சேர்த்து எடுத்தால் ஒரு டிகிரி, இரண்டு டிகிரி கை-ஸ்கொயர்களின் சரிபாதிக் கலவை, எல்லை 5.99-க்குப் பதில் 5.14. வழக்கமான எல்லையையே வைத்துக்கொண்டால் இருக்கும் சிதறலை ‘இல்லை’ என்று சொல்லிவிடும் ஆபத்து கூடுகிறது.

சுருக்கிய பின் எது மாறும், எது மாறாது என்பதையும் பாருங்கள். தொகுத்த உணர்திறனும் தனித்தன்மையும் பெரும்பாலும் நகராது. எஸ்.ஆர்.ஓ.சி. வளைவும் (சோதனையின் எல்லை மதிப்பு மாறும்போது உணர்திறனும் தனித்தன்மையும் சேர்ந்து நகரும் பாதை), சுற்றியுள்ள கணிப்புப் பகுதியும் (புதிய ஆய்வு ஒன்று விழக்கூடிய பரப்பு) முழுதாக மாறிவிடும், ஏனென்றால் அவை ஒட்டுறவையும் வேரியன்ஸையும் வைத்தே வரையப்படுபவை. ஒட்டுறவு −1-இல் ஒட்டிக்கொண்டிருக்கும் மாடலிலிருந்து வரைந்த கணிப்புப் பகுதி ஒரு கோடு போல ஒடுங்கியிருக்கும். அழகாகத் தெரிகிறதே என்று அதைக் கட்டுரையில் போட்டுவிடாதீர்கள்.

மெட்டாண்டி நான்கு ஆய்வுகளுக்குக் குறைந்தால் ஓடவே மறுக்கும். நான்கு இருந்தால் ஓடும் என்பதால் ஓட்டியே தீர வேண்டும் என்றில்லை. நான்கைந்து ஆய்வுகளுக்கு ஐந்து அளவுருக்கள் என்பது நான்கு பேருக்கு ஐந்து தலைவர் போல. சுருக்கிய மாடலிலிருந்து தொடங்குங்கள்.

பைவேரியட் மாடல், வளைவைக் கணிக்கும் எச்.எஸ்.ஆர்.ஓ.சி. மாடல் இரண்டையும் ஓட்டினேன். லாக் லைக்லிஹுட் கடைசி தசமம் வரை ஒன்றே. ஏதோ தவறு செய்துவிட்டேனா?
— பிஎச்.டி. மாணவர், மதுரை

தவறில்லை, அப்படித்தான் வர வேண்டும். கோவேரியட் இல்லாதபோது இரண்டும் ஒரே மாடலின் இரு எழுத்து வடிவங்கள் என்று 2007-இல் ஹார்பர்டும் உடன் எழுதியவர்களும் காட்டிவிட்டார்கள். ஒரு பக்கம் இரண்டு சராசரி, இரண்டு வேரியன்ஸ், ஒட்டுறவு. மறுபக்கம் துல்லியம், வெட்டுப்புள்ளி (‘நோய் உண்டு’ என்று சொல்லும் எல்லை மதிப்பு), வளைவின் வடிவம், இரண்டு வேரியன்ஸ். ஐந்துக்கு ஐந்து. வேறுபட்டு வந்தால்தான் கவலைப்பட வேண்டும். ஏதோ ஒன்று சரியாக ஒருங்கவில்லை. ஆகவே ‘எது நன்றாகப் பொருந்துகிறது’ என்ற கேள்விக்கு இங்கே இடமில்லை. எந்த முடிவை எழுதப் போகிறீர்கள் என்பதே கேள்வி.

எல்லா ஆய்வுகளும் ஒரே வெட்டுப்புள்ளியில் அளந்திருந்தால் ஒரு தொகுப்புப் புள்ளியை எழுதலாம். முடக்குவாதத்துக்கான ருமட்டாய்ட் ஃபேக்டர், ஆன்டி-சிசிபி என்ற இரண்டு இரத்தச் சோதனைகளையும் தொகுத்த 2007-ஆம் ஆண்டு ஆய்வு எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆன்டி-சிசிபிக்கு 37 ஆய்வுகள், ருமட்டாய்ட் ஃபேக்டருக்கு 50. இரண்டாவதில் ஆய்வுக்கு ஆய்வு வெட்டுப்புள்ளி வெகுவாக மாறுகிறது. அந்த மாதிரித் தரவில் ‘சராசரி உணர்திறன் இவ்வளவு’ என்று எழுதினால், எந்த வெட்டுப்புள்ளியில் என்று ஆய்வகத்தில் இருப்பவர் கேட்பார். பதில் இருக்காது. அங்கே வளைவை எழுதுங்கள், அதுவும் ஆய்வுகள் உள்ள பரப்புக்குள் மட்டும். வரைபடத்தின் மூலை வரை வளைவை இழுப்பது, ஆளில்லாத ஊருக்கு வழி சொல்வது.

ஆய்வுகளுக்கிடையிலான வேறுபாட்டைச் சொல்லும் ஐ-ஸ்கொயர் 95 சதவீதம் வந்ததால் மாடல் பொருந்தவில்லை என்று மதிப்பாய்வாளர் திருப்பி அனுப்பிவிட்டார்.
— உதவிப் பேராசிரியர், சென்னை

ஐ-ஸ்கொயர் மாடலின் பொருத்தத்தை அளப்பதில்லை. உணர்திறனுக்குத் தனியாகவும் தனித்தன்மைக்குத் தனியாகவும் எடுத்த ஐ-ஸ்கொயர், வெட்டுப்புள்ளி மாறுவதால் இரண்டும் எதிரெதிராக நகர்வதைக் கணக்கில் எடுப்பதில்லை. தவிர, அது ஆய்வுகளின் அளவைச் சார்ந்த விகிதம். பெரிய ஆய்வுகள் சேர்ந்தால் ஆய்வுக்குள் இருக்கும் தற்செயல் பிழை சுருங்கும், உண்மைச் சிதறல் அப்படியே இருந்தாலும் ஐ-ஸ்கொயர் 90-ஐத் தாண்டும். நோயறி சோதனைத் தொகுப்புகளுக்கான காக்ரேன் கையேடும் இதைப் பரிந்துரைக்கவில்லை. மறுமொழியில் இதைச் சொல்லி, வேரியன்ஸ்களையும் கணிப்புப் பகுதி வரைந்த படத்தையும் இணைத்து அனுப்புங்கள். எண் ஒன்று வேண்டுமென்றே அவர் கேட்டால், சோவும் தெந்துக்கூரியும் 2014-இல் முன்வைத்த பைவேரியட் ஐ-ஸ்கொயர் இருக்கிறது. மாடாவின் சுருக்க வெளியீட்டிலேயே அது வரும்.

ஏ.யு.சி. (வளைவின் கீழுள்ள பரப்பு) 0.94 என்பதை ‘மாடல் நன்றாகப் பொருந்தியது’ என்று எழுதியவர்களுக்கும் இங்கேயே பதில்: அது சோதனையின் திறனைப் பற்றிய எண், மாடலைப் பற்றியது அல்ல.

ஸ்டேட்டாவின் மிடாஸ் கட்டளையில் மாடல் சரிபார்ப்புக்கு நான்கு படங்கள் வருகின்றன. எப்படிப் படிப்பது?
— மருத்துவப் புள்ளியியலாளர், வேலூர்

முதல் படம், எச்சங்கள் (மாடல் சொன்னதற்கும் தரவுக்கும் உள்ள வித்தியாசங்கள்) கோட்டை ஒட்டிப் போகின்றனவா என்று காட்டும். இரண்டாவது, ரேண்டம் எஃபெக்ட்கள் இருமாறி நார்மல் பரவலில் இருக்கின்றனவா என்று. இரண்டிலும் வால்பகுதியில் ஒன்றிரண்டு புள்ளிகள் விலகுவது சகஜம். நடுப்பகுதியே வளைந்தால் ஆய்வுகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்திருக்கக்கூடும். அப்போது நோயாளித் தேர்வு, சோதனையின் தலைமுறை, ஒப்பீட்டுச் சோதனை என்று கோவேரியட் தேடுங்கள். மூன்றாவது குக் தொலைவு, தனியொரு ஆய்வு முடிவை எவ்வளவு இழுக்கிறது என்று சொல்லும். நான்காவது, உணர்திறனிலோ தனித்தன்மையிலோ ஒதுங்கி நிற்கும் ஆய்வுகளைக் காட்டும்.

மூன்றிலும் நான்கிலும் ஒரே ஆய்வு தலைகாட்டினால் அந்தக் கட்டுரையை மறுபடி எடுத்துப் படியுங்கள். நோய் உறுதியானவர்களையும் ஆரோக்கியமானவர்களையும் தனித்தனியாகத் திரட்டிய ஆய்வாக இருந்தால் துல்லியம் ஊதிக் காட்டும், காரணம் கிடைத்துவிட்டது. அந்த ஆய்வோடும், அது இல்லாமலும் இரண்டு முடிவையும் அட்டவணையில் கொடுங்கள். பொருத்தம் அழகாக வரவேண்டும் என்பதற்காக நீக்குவது நேர்மையல்ல. நீக்கியபின் லாக் லைக்லிஹுட் ஏறுவதைச் சாதனையாகக் காட்டவும் முடியாது, ஏனென்றால் தரவே வேறாகிவிட்டது.

கட்டுரையில் பொருத்தம் பற்றி எதை எழுதுவது, எதை விடுவது?
— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

எந்த மாடல், பைனாமியலா நார்மல் தோராயமா, எம்எல்லா ரெம்லா, மென்பொருளும் அதன் பதிப்பும், பூஜ்யக் கட்டங்களை என்ன செய்தீர்கள். ஒப்பிட்ட ஒவ்வொரு மாடலுக்கும் ஆய்வுகளின் எண்ணிக்கை, அளவுருக்களின் எண்ணிக்கை, −2 லாக் லைக்லிஹுட், வித்தியாசம், டிகிரி, பி மதிப்பு. ஐந்து அளவுருக்களும் அவற்றின் திட்டப் பிழையும், இரண்டு சராசரிகளின் கோவேரியன்ஸும். கடைசியாகச் சொன்னது இருந்தால்தான் இன்னொருவர் உங்கள் நம்பகப் பகுதியைத் திரும்ப வரைய முடியும். மெட்டாண்டி அதைத் தானாகவே அச்சிடுகிறது, பலர் கத்தரித்துவிடுகிறார்கள். மாடலைச் சுருக்கியிருந்தால் எந்தப் படியில், ஏன் என்று ஒரு வாக்கியம். ஒற்றை மாடலின் ஏஐசியைத் தனியாக எழுத வேண்டாம்.

டீக்ஸ் சோதனையில் பி மதிப்பு 0.07. மாடலைக் கைவிட வேண்டுமா?
— செவிலியர் கல்வித் துறை வாசகி, திருநெல்வேலி

வேண்டாம். அது சிறிய ஆய்வுகளும் பெரிய ஆய்வுகளும் வேறு மாதிரி பேசுகின்றனவா என்று பார்க்கும் சோதனை, மாடலோடு சம்பந்தமில்லை. அதற்கான எல்லை 0.10 என்பதால் உங்கள் 0.07 சமச்சீரின்மையைக் காட்டுகிறது. வெளியிடப்படாத ஆய்வுகள் ஒரு காரணமாக இருக்கலாம், நோயாளித் தேர்வும் காரணமாக இருக்கலாம். வரைபடத்தின் அச்சில் மொத்த நோயாளிகளைப் போட்டீர்களா, செயல்படு மாதிரி அளவைப் போட்டீர்களா என்று மட்டும் பாருங்கள். இரண்டாவதற்கு, நோயுள்ளவர் எண்ணிக்கையையும் இல்லாதவர் எண்ணிக்கையையும் பெருக்கி, நான்கால் பெருக்கி, மொத்தத்தால் வகுக்க வேண்டும். 50 பேருக்கு நோய், 450 பேருக்கு இல்லை என்றால் 500 பேர் கொண்ட அந்த ஆய்வு 180-ஆகத்தான் எண்ணப்படும்.